‘யே’க்கு முன் ‘யோ’

1. நல்ல பிழை

பைதன் படிக்கத் தொடங்கியபோது எனக்கு நாற்பத்திரண்டு வயது. ஈஸ்ட் ஹாமில் ஒரு நகைக்கடைக்கு மேல்மாடியில் இருந்த மொழிபெயர்ப்பு அலுவலகத்தில் வேலை. கவுன்சில் துண்டுப்பிரசுரங்கள், ஆஸ்பத்திரிக் கடிதங்கள், பள்ளிக்கூட அறிவித்தல்கள் என்று தமிழில் வரவேண்டிய எல்லாவற்றையும் தட்டச்சு செய்து பக்கமாக்கிக் கொடுப்பேன். அதற்கு முன் ஜெர்மனியில் பத்து வருடம் ஓர் அச்சகத்தில் வேலைக்கு நின்றவன். கணினி தெரியும், ப்ரோகிராம் எழுதத் தெரியாது.

2009 தொடக்கத்தில் கவுன்சில் ஒரு நிபந்தனை போட்டது. இனித் தமிழ்க் கோப்புகள் யூனிகோடில்தான் வேண்டும். எங்களிடம் இருந்ததெல்லாம் பழைய எழுத்துருவில். இளையவர்களுக்கு இதை விளக்க வேண்டும். அந்த எழுத்துருவில் தட்டியது கணினிக்கு ஆங்கில எழுத்துதான். திரையில் மட்டும் தமிழாகத் தெரியும். எழுத்துருவை எடுத்துவிட்டால் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கிடக்கும். அதை உண்மையான தமிழ் எழுத்தாக மாற்றுவதென்றால், ஒவ்வொரு விசைச் சேர்க்கையையும் தேடிப் பிடித்து அதற்குரிய தமிழ் எழுத்தைப் போட வேண்டும்.

முதலாளி பூபாலன் அண்ணை என் மேசைக்கு வந்தார்.

“சோதி, உதெல்லாம் திருப்பி அடிக்கிறதெண்டால் வருசம் போயிடும். கொம்பியூட்டராலை மாத்த ஏலாதோ?”

“பாக்கிறன் அண்ணை,” என்றேன்.

நூலகத்தில் ஒரு புத்தகம் எடுத்தேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் படித்தேன். ரிப்ளேஸ் என்று ஒரு கட்டளை இருந்தது. இதை எடுத்து அதைப் போடு என்றால் போடும். முதல் நாள் அதை எழுதி ஓட்டினேன், ஒன்றுமே மாறவில்லை. அரை நாள் மண்டையை உடைத்தபிறகுதான் விளங்கியது. பைதன் இருக்கிற வரியை மாற்றாது. மாற்றிய வரியைப் புதிதாக ஒன்றாகத் தரும். அதை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டியது நாங்கள். நான் வாங்கி வைக்கவில்லை.

பழகுகிற எல்லோரும் செய்கிற பிழை அது. நல்ல பிழை என்றும் சொல்வேன், ஏனென்றால் வேலை நடக்கவில்லை என்பது கண்ணுக்குத் தெரிந்தது.

பிறகு ஓர் அட்டவணை செய்தேன். பைதனில் அதற்கு டிக்‌ஷனரி என்று பெயர். இடப்பக்கம் பழைய விசைச் சேர்க்கை, வலப்பக்கம் தமிழ் எழுத்து. ஒவ்வொன்றாக எடுத்து ரிப்ளேஸ் செய்யும்படி ஒரு லூப். என் பெயரை வைத்துச் சோதித்தேன். சோதிலிங்கம் என்று அழகாக வந்தது. மனைவி பெயரைப் போட்டேன். கோகிலா என்று வந்தது. நாற்பது பக்கக் கையேடு ஒன்று ஒரு நொடியில் மாறி நின்றது. பூபாலன் அண்ணை கீழே போய் எல்லோருக்கும் தின்னச் சுடச்சுடப் பற்றிஸ் வாங்கி வந்தார்.

2. தவமலர் அக்கா

மே மாதம் ஊரில் சண்டை முடிந்தது. அதற்கு முன்னரே பல வாரங்களாக ஆட்களின் தொடர்பு அறுந்து போயிருந்தது. லண்டனில் இருந்த ஒவ்வொரு வீட்டிலும் யாராவது ஒருவரைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

பூபாலன் அண்ணைக்குத் தெரிந்த தேவாலயப் பாதர் ஒருவர் அங்கே ஆஸ்பத்திரிகளுக்கும் முகாம்களுக்கும் போய் வந்துகொண்டிருந்தார். கண்ட ஆட்களின் பெயர், வயது, தகப்பன் பெயர், ஊர் எல்லாவற்றையும் எழுதி, யாரையோ கொண்டு தட்டச்சு செய்வித்து ஈமெயிலில் அனுப்பினார். பழைய எழுத்துருவில். பக்கம் பக்கமாக வந்தது.

“உன்ரை ப்ரோகிராம் இருக்குத்தானே,” என்றார் பூபாலன் அண்ணை. “மாத்திப்போட்டுத் தேடிக் குடு. சனம் வரும்.”

சனம் வந்தது. சவுத்தாலில் இருந்து வந்தார்கள், மோர்டனில் இருந்து வந்தார்கள். பாராளுமன்றத்துக்கு முன்னால் ஆர்ப்பாட்டத்தில் நின்றுவிட்டு நேரே கொடியோடு வந்தவர்களும் உண்டு. பெயரைத் துண்டுக் காகிதத்தில் எழுதித் தருவார்கள். நான் கணினியில் அடித்துத் தேடுவேன். கேட்டவரின் பெயரையும் போன் நம்பரையும் ஒரு கொப்பியில் குறித்துக்கொள்வேன். இருந்தால் இருக்கிறது என்பேன். இல்லாவிட்டால் இல்லை என்பேன்.

தவமலர் அக்கா முதல் முறை வந்தது ஒரு புதன்கிழமை. மோர்டனில் ஒரு பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலை. ஐம்பது வயதிருக்கும். நீல வேலைச்சட்டைக்கு மேல் கோட்டுப் போட்டிருந்தார். மடித்த துண்டை விரித்து மேசையில் வைத்தார். கந்தையா யோகேஸ்வரன், வயது முப்பத்தேழு. முத்து முத்தான கையெழுத்து.

“என்ரை தம்பி. எங்கட வீட்டில கடைசி,” என்றார்.

அடித்தேன். தேடினேன்.

“இல்லை அக்கா.”

“வடிவாப் பாத்தனீங்களோ தம்பி?”

“ஓம் அக்கா. இதில பேர் இருந்தால் உடனே காட்டும்.”

அவர் திரையை எட்டிப் பார்த்தார். வெறுமையாக இருந்தது. துண்டைத் திரும்ப மடித்துக் கைப்பைக்குள் வைத்தார்.

இரண்டு கிழமை கழித்து இரண்டாவது பட்டியல் வந்தபோது வந்தார். மூன்றாவது பட்டியலுக்கும் வந்தார். அந்த மூன்றாவதில் காயப்பட்டு வந்து ஆஸ்பத்திரியில் இறந்தவர்களின் பக்கம் ஒன்று தனியாக இருந்தது. அதிலும் தேடச் சொன்னார். தேடினேன்.

“அதிலயும் இல்லை அக்கா.”

அதைக் கேட்டு அவருடைய முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. அந்த முகத்தை நான் நன்றாகப் பார்த்தேன். “அப்ப எங்கையோ இருக்கிறான்,” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்.

3. யோகா வகுப்பு

கவிதா திருச்சிக்காரி. ஒரு வங்கியில் மென்பொருள் சோதிக்கிற வேலையில் இருந்தவர். அந்த வருடம் வங்கிகள் ஆட்களைக் குறைத்தபோது அவருக்கும் வேலை போனது. வேறு வேலை கிடைக்கும்வரை எங்களிடம் பகுதிநேரமாகப் பிழை திருத்தினார்.

ஜூலை மாதம். முதியவர்களுக்கான யோகா வகுப்பு என்று கவுன்சிலின் துண்டுப்பிரசுரம் ஒன்று. பழைய கோப்பை என் ப்ரோகிராமில் போட்டு மாற்றிக் கொடுத்திருந்தேன். கவுன்சில்காரர்கள் ‘யோகா’ வேண்டாம், ‘யோகாசனம்’ என்று போடச் சொல்லியிருந்தார்கள். கவிதா தேடி மாற்றப் பார்த்தார்.

“அண்ணா, இங்க கொஞ்சம் வாங்களேன்,” என்றார். “ஸ்கிரீன்ல யோகா யோகான்னு எட்டு இடத்துல இருக்கு. தேடினா ஒண்ணுகூட இல்லன்னு சொல்லுது.”

“திருப்பி ஒருக்கா அடிச்சுப் பாருங்கோ.”

“மூணு தடவை அடிச்சிட்டேன்.”

அவர் திரையில் இருந்த ‘யோ’வுக்குப் பின்னால் கர்சரை வைத்து அழிக்கிற விசையை ஒரு முறை தட்டினார். ‘யோ’ போய் ‘யே’ நின்றது. தானே புதிதாக ஒரு ‘யோ’ அடித்து, அதையும் அப்படி அழித்துப் பார்த்தார். இந்த முறை ‘ய’ மட்டும் மிஞ்சியது.

“ரெண்டும் ஒண்ணு இல்லண்ணா,” என்றார். “பாக்க ஒண்ணா இருக்கு, உள்ள வேற. உங்க கோடைக் காட்டுங்க.”

காட்டினேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

பழைய எழுத்துருவில் ‘யே’க்கு இரண்டு விசை: கொம்பு ஒன்று, ய ஒன்று. ‘யோ’வுக்கு அதே இரண்டும், கடைசியில் அரவு என்கிற துணைக்காலும், ஆக மூன்று. என் அட்டவணையில் இரண்டும் சரியாகவே இருந்தன. ஆனால் அந்தக் காலத்துப் பைதனில் டிக்‌ஷனரி நாங்கள் எழுதிய வரிசையைக் காக்காது. தன் வசதிக்கு ஒரு வரிசையில் எடுத்துத் தரும். ‘கோ’வுக்கும் ‘சோ’வுக்கும் தற்செயலாக நீளமானது முதலில் வந்தது. ‘யோ’வுக்கும் ‘லோ’வுக்கும் குட்டையானது முந்திவிட்டது. அது மூன்று விசையில் முதல் இரண்டைப் பிடித்து ‘யே’ ஆக்கியது. மிஞ்சிய அரவு தனி அரவானது. திரையில் இரண்டும் ஒட்டிக்கொண்டு ‘யோ’ என்றே தெரியும். கணினிக்கு அது ‘யோ’ இல்லை.

“நீளமானத முதல்ல மாத்தணும்ணா,” என்றார் கவிதா. “நீளத்தை வச்சு வரிசைப்படுத்திட்டு லூப் ஓட்டுங்க. அவ்வளவுதான்.” பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, “துண்டுப்பிரசுரந்தானே, இப்ப சரி பண்ணிடலாம்,” என்றார்.



“கவிதா, அந்தப் பெயர்ப் பட்டியல்கள்,” என்றேன்.

அவர் எழுந்து தன் கதிரையை எனக்குத் தந்தார்.

அந்த இடத்திலேயே திருத்தினேன். பழைய பட்டியல்கள் எல்லாவற்றையும் மறுபடி மாற்றினேன். கொப்பியை எடுத்து, நான் இல்லை என்று சொன்ன பெயர்களை ஒவ்வொன்றாகத் தேடினேன். கவிதா பக்கத்தில் நின்று கொப்பியை வாசித்தார். யோகராசா கிடைத்தார். லோகேஸ்வரி கிடைத்தார். லோகநாதன் கிடைத்தார். பத்துப் பேர் கிடைத்தார்கள். ஒன்பது பேர் முகாம்களில். பத்தாவது, கந்தையா யோகேஸ்வரன்.

அவர் முதலாவது பட்டியலிலேயே இருந்தார். ஆஸ்பத்திரி, வார்ட் இலக்கம் எல்லாம் இருந்தது. தகப்பன் பெயர் சரி, வயது சரி, ஊர் சரி. மூன்றாவது பட்டியலிலும் இருந்தார், இறந்தவர்களின் பக்கத்தில். இறந்த திகதியைப் பார்த்தேன். தவமலர் அக்கா முதல் முறை வந்த புதன்கிழமையை என் கொப்பியில் பார்த்தேன். இடையில் ஒன்பது நாள்.

4. பூபாலன் அண்ணை சொன்னது

நான் போய் எல்லாவற்றையும் சொன்னதும் பூபாலன் அண்ணை கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார். அவரும் காணாமல் போன ஒரு மருமகனைத் தேடிக்கொண்டிருந்த மனுசன். கெட்ட ஆள் என்று யாரும் நினைக்கவேண்டாம்.

“சோதி, நான் சொல்லுறதைக் கேள். புதுப் பட்டியல் ஒண்டு வந்தது, அதில உங்கட ஆளின்ரை பேர் இருக்கு எண்டு சொல்லு. சனம் சந்தோசப்படும். எங்கட பிழை எண்டு சொன்னால், நாளைக்கு இல்லை எண்டு சொல்லுற எதையும் ஒருத்தரும் நம்பாயினம். இவ்வளவு சனமும் வேற எங்க போகும்?”

அவர் சொன்னதில் நியாயம் இருப்பதுபோல்தான் எனக்குப் பட்டது. எனக்கு வசதியாகவும் இருந்தது.

ஒன்பது வீட்டுக்கும் அன்று பின்னேரத்துக்குள் போன் எடுத்தேன். “புதுப் பட்டியல் வந்திருக்கு” என்றேன். அழுதார்கள். கும்பிடுறம் தம்பி என்றார்கள். ஒரு தாய், “உங்கட வாய்க்குச் சக்கரை போடவேணும்” என்றார். நான் “ஓம், ஓம்” என்றேன்.

பத்தாவது நம்பரை என்னால் அழுத்த முடியவில்லை.

5. மோர்டன்

சனிக்கிழமை காலை நோர்தன் லைனில் கடைசி ஸ்டேஷன்வரை போனேன். அவருடைய கணவர் பெற்றோல் ஸ்டேஷனில் ஷிப்டுக்குப் போயிருந்தார். தவமலர் அக்கா கதவைத் திறந்ததும் என்னை அடையாளம் கண்டு, “என்ன தம்பி, இவ்வளவு தூரம்?” என்றார். பிறகு ஒன்றும் கேட்காமல் உள்ளே கூட்டிக்கொண்டு போனார். ஏதோ விளங்கியிருக்க வேண்டும். தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார்.

வழி முழுக்க நான் பூபாலன் அண்ணையின் வசனத்தைத்தான் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். புதுப் பட்டியல் வந்தது அக்கா. அதில்தான் கண்டேன் அக்கா. யாருக்கு என்ன நட்டம்?

சொல்லத் தொடங்கினேன். “அக்கா, தம்பியின்ரை பேர் பட்டியல்ல இருக்கு. ஆஸ்பத்திரியில...”  அவரே கேட்டார்.

“செத்திட்டானோ?”

“ஓம் அக்கா.”

அவர் சமையலறைக்குள் போனார். அடுப்பை நிறுத்துகிற சத்தம் கேட்டது. திரும்பி வந்து எதிரில் இருந்தார். கைப்பையை எடுத்து அந்தத் துண்டை வெளியே எடுத்தார். மடிப்பில் கிழியத் தொடங்கியிருந்தது. அதை விரித்து ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தார்.

“நான் எழுதித் தந்ததில எழுத்துப்பிழையோ தம்பி? அதுதானோ நீங்கள் தேடேக்க வராமல் போனது? நான் எட்டாம் வகுப்பு மட்டுந்தான் படிச்சனான்.”

அதற்குப் பிறகு என்னால் பொய் சொல்ல முடியவில்லை.

“இல்லை அக்கா. நீங்கள் சரியா எழுதினீங்கள். பிழை என்ரை. நான் எழுதின ப்ரோகிராமில பிழை. அவர் முதல் பட்டியலிலயே இருந்தவர்.”

“எப்ப வந்த பட்டியல் அது?”

“நீங்கள் முதல் முறை வந்தீங்களே, அண்டைக்கு என்னட்டை இருந்தது.”

“அப்ப அண்டைக்கு அவன் உயிரோட.”

“ஓம்.”

“பிறகு எத்தினை நாள்?”

“ஒன்பது நாள்.”

 “அண்டைக்கு ஸ்கூல்ல லீவு கேட்டு வந்தனான்,” என்றார். பிறகு, “ஆஸ்பத்திரிக்குப் போன் எடுத்திருக்கலாமோ?”

லைன் கிடைத்திருக்காது என்று சொல்லியிருக்கலாம். பாதர் தன் போனில் வேறு சிலருக்கு எடுத்துக் கொடுத்தது எனக்குத் தெரியும்.

“எடுத்திருக்கலாம் அக்கா.”

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும். “குரலை ஒருக்காக் கேட்டிருப்பன்,” என்று மட்டும் சொன்னார், என்னிடம் என்றுகூட இல்லை. பிறகு அழுதார். நான் எழும்பிப் போவதா இருப்பதா என்று தெரியாமல் இருந்தேன். தேத்தண்ணி ஆறிவிட்டது.

வெளிக்கிடும்போது வாசலில் என்னை நிறுத்தினார்.

“அவனுக்குக் கலியாணம் முடிஞ்சு பெண்சாதி இருக்கிறா. கோமதி. நாலு வயசில ஒரு பிள்ளை. ரெண்டு பேரையும் நான் இவ்வளவு நாளும் தேடேல்லை. அவனைக் கண்டால் அவையும் அவனோட இருப்பினம் எண்டு நினைச்சன். தேடிப் பாருங்கோ.”

“என்னட்டையோ அக்கா கேக்கிறீங்கள்?”

“வேற ஆரிட்டைக் கேக்கிறது?”

6. கோமதி

‘கோ’ என் ப்ரோகிராமில் முதலிலிருந்தே சரியாக வேலை செய்த எழுத்து. தேடினேன். கோமதி என்று மூன்று பேர் வந்தார்கள். மூன்றும் வேறு ஆட்கள்.

இந்த முறை நான் இல்லை என்று சொல்லவில்லை. பட்டியல் முழுவதையும் அச்செடுத்து, கோடு போடுகிற அடிமட்டத்தை வைத்து வரி வரியாக வாசித்தேன். அப்படி வாசித்தபோதுதான் ஒன்று உறைத்தது. பிழையான ‘யோ’வும் தாளில் ‘யோ’ என்றுதான் இருந்தது. முதல் நாளே கண்ணால் வாசித்திருந்தால் யோகேஸ்வரனைக் கண்டிருப்பேன். கணினியின் வேகத்தை நம்பித்தான் அவரைத் தவறவிட்டேன்.

கவிதா தாள்களில் பாதியை எடுத்துக்கொண்டார். “நான் இந்தப் பக்கத்துல இருந்து வர்றேன்ணா,” என்றார். அவருக்கு அந்த ஊர்ப் பெயர்கள் தெரியாது. ஒவ்வொன்றையும் எழுத்துக்கூட்டி வாசித்தார். இரண்டாம் நாள் மத்தியானம் என் தோளைத் தட்டினார்.

“கொமதின்னு ஒருத்தங்க இருக்காங்க. புருஷன் பேரு யோகேஸ்வரன்.”

தட்டச்சு செய்தவர் கொம்பை மாற்றிப் போட்டிருந்தார். கூடவே நாலு வயதுப் பெண்பிள்ளை. முகாமின் பெயரும் இருந்தது.

பாதருக்கு எழுதினோம். ஒரு கிழமை கழித்து, இன்ன நாளில் லண்டன் நேரம் பன்னிரண்டு மணிக்கு அலுவலகத்துக்கு அழைப்பு வரும் என்று பதில் வந்தது. தவமலர் அக்கா பதினொரு மணிக்கே வந்து என் மேசைக்குப் பக்கத்தில் இருந்தார். போன் அடித்ததும் எடுத்தார். மறுபக்கத்தில் பேசியது எல்லோருக்கும் கேட்டது, அவ்வளவு சத்தமாகப் பேசினார் கோமதி. லைன் அறுந்துவிடும் என்ற பயம்.

“மச்சாள், நானும் பிள்ளையும் இருக்கிறம். இவரை ஆஸ்பத்திரிக்கு ஏத்தினவை. எங்களை ஏத்தேல்லை. பிறகு ஒண்டும் தெரியாது. அங்க பட்டியல் வருதாம் எண்டு பாதர் சொன்னவர். இவரின்ரை பேர் அதில இருக்கோ?”

தவமலர் அக்கா என்னைப் பார்த்தார். பூபாலன் அண்ணை தலையைக் குனிந்துகொண்டார்.

“இருக்கு கோமதி,” என்றார் தவமலர் அக்கா. “பிள்ளையை ஆரிட்டையாவது குடுத்திட்டுக் கதை. நான் சொல்லுறன்.”

நாங்கள் மூவரும் வெளியே வந்து படியில் நின்றோம். உள்ளே அவர் மெதுவாக, நிறுத்தி நிறுத்திப் பேசிக்கொண்டிருந்தார்.

இப்போது நான் ஓய்வு பெற்றுவிட்டேன். பைதன் பழகுகிறவர்கள் சிலர் சந்தேகம் கேட்டு எழுதுகிறார்கள். நீளமானதை முதலில் மாற்றுங்கள் என்று எழுதுவேன். உங்கள் சொந்தப் பெயரை மட்டும் வைத்துச் சோதிக்காதீர்கள் என்றும் எழுதுவேன். கணினி இல்லை என்று சொன்னால், நீங்கள் கேட்ட மாதிரி இல்லை என்பதுதான் அதற்கு அர்த்தம். ஆளே இல்லை என்று எதிரில் இருப்பவரிடம் சொல்லிவிடாதீர்கள். பிழை உங்களுடையது என்றால் உடனே போய்ச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அவர்கள் தங்கள் கையெழுத்தில் அதைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.

தவமலர் அக்காவிடம் சொன்னேன். மற்ற ஒன்பது வீட்டுக்கும் இன்றுவரை சொல்லவில்லை. அவர்களில் யாராவது இதை வாசிக்கக்கூடும். அன்று புதுப் பட்டியல் எதுவும் வரவில்லை. உங்கள் ஆள் முதல் நாளிலிருந்தே என்னிடம் இருந்த பட்டியலில் இருந்தார்.